இல்லமும் எல்லையும்

குடும்பம் பெருகுங்கால் இல்லமும் பெருகுதல் வேண்டும். இராசபாளையத்தை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த தேவதானம் போன்ற ஊர்களில், மகனுக்கு மணம் முடிக்க எண்ணும் தந்தை முற்றத்தில் ஓர் அறை எழுப்ப விரும்புதல் இயல்பே. நிலம் தமதாயின், அனுமதி எதற்கு?

இதற்கு விடை கூறுவன, 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். வெள்ளையடித்தல், சுவர் பூசுதல், பழைய ஓடு மாற்றுதல், தரை புதுப்பித்தல் ஆகியவற்றிற்கு அனுமதி வேண்டுவதில்லை. இவற்றால் வீட்டின் அளவு மாறுவதில்லை அன்றோ! புதிய அறையோ மாடியோ எழுப்பின், வீடு வளர்கிறது; அதற்கு அனுமதி வேண்டும். அனுமதியின்றி எழுப்பிய பகுதியை இடிக்குமாறு ஆணையிடவும் சட்டம் இடந்தருகிறது.

சிறு வீடு கட்டுவோர்க்கு 2024ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இம்முறை எளிதாக்கப்பட்டது. 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் மாடியுமாகக் கட்டுவோர், தாமே சான்றளித்து இணைய வழியே உடனடி அனுமதி பெறலாம்.

எனினும், சுற்றிலும் விடவேண்டிய இடத்தை விட்டே கட்டுதல் வேண்டும். அவ்விடம் வீணன்று, அதன் வழியேதான் அயலார் சாளரத்திற்குக் காற்றும் ஒளியும் செல்கின்றன. நிலம் ஒருவர்க்கு உரியது. காற்றும் கதிரொளியும் யாவர்க்கும் உரியன.