முன்பக்கம் ஆடினால் முதலில் எதைப் பார்ப்பது?
பழைய ஃபோர் வீல் ஜீப் வைத்திருப்பவர்களுக்கு

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துப் பொடி. பெரம்பலூர்ப் பக்கம், மழை பெய்தால் காலை விடாத கரிசல். இரண்டுமே பழைய ஜீப்பின் முன்பக்கத்துக்கு எமன். சிமென்ட் ஆலைகளுக்குக் கல் ஏற்றிப் போகும் டிப்பர்களுக்கு வழிவிட்டு ரோட்டோரம் இறங்கி ஏறினால், அந்த அடியையும் முன் வீல்தான் வாங்குகிறது.

1947-ல் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டத் தொடங்கிய மஹிந்திரா, பிறகு எம்.எம். 540 போன்ற மாடல்களை விட்டது. இந்த வகை ஃபோர் வீல் வண்டிகளின் முன்பக்கம் கிட்டத்தட்ட ஒரே அமைப்புதான். பட்டை ஸ்பிரிங்கோடு யு போல்ட் போட்டு இறுக்கிய ஒற்றை ஹவுசிங், அதற்குள் கிரௌன் பினியன், இரு முனையிலும் கிங் பின். அமைப்பு எளிது. ஆனால் ஒரு இடத்துத் தேய்மானம் இன்னொரு இடத்தில் சத்தமாகக் கேட்கும். அதனால்தான் ஸ்டீரிங் பாக்ஸை மாற்றிய பிறகும் பல வண்டிகளில் ஆட்டம் நிற்பதில்லை.

கோளாறு எங்கே என்று தேடுவதற்கு முன், அது எப்போது வருகிறது என்று கேட்க வேண்டும். வேகத்திலா, திருப்பத்திலா, ஃபோர் வீல் போட்டால் மட்டுமா? பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

வேகத்தில் ஆடினால்

முதலில் ரிம்மின் உட்புறத்தைப் பாருங்கள். கரிசல் மண் ஒரு பக்கமாக ஒட்டிக் காய்ந்திருந்தால் அதுவே வீலை உதற வைக்கும். கழுவிவிட்டு, நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்து ஓட்டுங்கள். இதில் நின்றுவிட்டால் செலவே இல்லை.

நிற்கவில்லை என்றால், வண்டியை நிறுத்தி ஒருவர் ஸ்டீரிங்கை இடமும் வலமும் சிறிது சிறிதாக அசைக்கட்டும். இன்னொருவர் டிராப் ஆர்ம், டிராக் லிங்க், டை ராடு எண்ட் என ஒவ்வொரு மூட்டிலும் கை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசையும் இடத்தில்தான் ப்ளே. ஸ்பிரிங் ஷேக்கிள் புஷ்ஷையும் யு போல்ட்டையும் விட்டுவிடக் கூடாது.

அடுத்து ஜாக்கி. வண்டியை ஸ்டாண்டில் உட்கார வைத்த பிறகே கீழே கை நீட்டுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். வீலை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆடுகிறதா? ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காமல் தொடர்ந்தால் கிங் பின்.

ஒரு பள்ளத்தில் விழுந்ததும் ஸ்டீரிங் கையை விட்டுத் துள்ளும் அளவுக்கு உதறுவது பெரும்பாலும் இப்படித் தளர்ந்த கிங் பின்னாலும் டை ராடாலும்தான். உயரத்துக்காக ஷேக்கிளை நீட்டிய வண்டிகளில் காஸ்டர் கோணம் மாறியிருக்கும், அதுவும் காரணமாகலாம்.

திருப்பத்தில் இழுத்தால்

ஸ்டீரிங்கை முழுதாக ஒடித்து, ஃபோர் வீலில் மண் தரையில் மெதுவாக நகர்த்துங்கள். 'கட் கட்' என்று கேட்டால் நக்கிளுக்குள் இருக்கும் கிராஸ் தேய்ந்திருக்கிறது. லேசாக விட்டுவிட்டு இழுப்பது மட்டும் கோளாறு அல்ல. கிராஸ் மூட்டு வளைந்து சுற்றும்போது வேகம் ஏறி இறங்குவது அதன் இயல்பு. நக்கிள் சீல் கிழிந்தால் பொடியும் தண்ணீரும் உள்ளே போய் கிராஸின் ஆயுளைக் குறைக்கும்.

ஃபோர் வீலில் மட்டும் முரண்டு பிடித்தால்

இந்த வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. திருப்பத்தில் முன் வீல்கள் பின் வீல்களைவிட அதிக தூரம் ஓடும். மண்ணில் டயர் சறுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் அதற்கு வழியில்லாமல் உள்ளே முறுக்கு ஏறும், ஃபோர் வீல் லிவர் சிக்கிக்கொள்ளும். ரிவர்ஸில் கொஞ்சம் நகர்த்தினால் பெரும்பாலும் கழன்றுவிடும்.

மண்ணிலும் அப்படியே முறுக்கினால் இரண்டு சந்தேகங்கள். ஒன்று, முன் பின் டயர் அளவு வேறு. இன்னொன்று, பழைய வண்டியிலிருந்து கழற்றிப் போட்ட ஹவுசிங். வில்லிஸ் வகையில் 8 பல் பினியனோடு 43 பல் கிரௌனும் உண்டு, 39 பல்லும் உண்டு. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மாட்டிவிட்டால் டிரான்ஸ்ஃபர் பெட்டியும் ஷாஃப்டும் தாங்காது. இரு பக்க வீலும் ஒரு முழுச் சுற்று வரும்போது ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று முன்னும் பின்னும் எண்ணினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

சத்தமும் எண்ணெயும்

லாக்கிங் ஹப் இருந்தால் அதைத் திறந்துவிட்டு டூ வீலில் ஓட்டுங்கள். சத்தம் நின்றால் ஆக்ஸில், கிரௌன் அல்லது முன் ஷாஃப்டில் கோளாறு. நிற்காவிட்டால் வீல் பேரிங், டயர் பக்கம் பாருங்கள். ஆக்ஸிலரேட்டரை அழுத்தி விடும்போது ஓசை மாறினால் கிரௌன் பினியனைச் சந்தேகிக்கலாம். ஹவுசிங் எண்ணெய் பால் கலந்த டீ போல வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. இரும்புத் துகள் மினுங்கினால் திறந்து பார்த்தே தீர வேண்டும்.

டோ-இன் அளவை இதெல்லாம் முடிந்த பிறகே வையுங்கள். தளர்ந்த மூட்டோடு அலைன்மெண்ட் பார்ப்பது காசைக் கரைப்பதுதான். ஸ்டீரிங் டாம்பர் போட்டால் ஆட்டம் அடங்கும். ஆனால் நோய் உள்ளேயே இருக்கும். வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடும்போது 'முன்பக்கம் சரியில்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த வேகத்தில், எந்தத் திருப்பத்தில், எந்த கியரில் என்று எழுதிக் கொடுங்கள். எந்த பாகத்தையும் மாற்றச் சம்மதிக்கும் முன், ஆட்டத்தை உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள்.