சிறு விமானங்களின் ஈயப் புகையும் மின் விமானங்களின் எல்லையும்

வான்வழிப் போக்குவரத்தால் விளையும் சுற்றுச்சூழல் கேட்டைக் கணக்கிடும்போது, பயணிகளைச் சுமக்கும் ஜெட் விமானங்களே முன்னே வந்து நிற்கின்றன. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் விமானத்துறை முழுமைக்கும் உள்ள பங்கு ஏறத்தாழ 2.5 விழுக்காடு, பொழுதுபோக்குக்காகவும் பயிற்சிக்காகவும் பறக்கும் இரண்டு அல்லது நான்கு இருக்கைச் சிறு விமானங்களுக்கு அதிலும் மிகச் சொற்பமான பங்கே உண்டு. இவ்வகை விமானங்கள் மிகுதியாக உள்ள அமெரிக்காவிலேயே அவை எரிக்கும் பெட்ரோல், அந்நாட்டில் செலவாகும் ஜெட் எரிபொருளில் நூறில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. ஆயினும் அவற்றின் தீங்கைக் கரியமில வாயுவால் மட்டும் அளப்பது பொருந்தாது. ஏனெனில் அவற்றின் புகையில் கலந்து வரும் ஈயமும் அவை எழுப்பும் இரைச்சலும் விமானத் திடலை ஒட்டி வாழ்வோர் மீதே நாள்தோறும் இறங்குகின்றன.

விமானப் பெட்ரோலில் ஈயம்

பெட்ரோல் எஞ்சினின் சிலிண்டருக்குள் அழுத்தப்படும் காற்று எரிபொருள் கலவை, தீப்பொறி பட்டபின் சீராக எரிய வேண்டும். அவ்வாறன்றி, வெப்பமும் அழுத்தமும் மிகுந்து கலவையின் ஒரு பகுதி தானாகவே வெடித்தெரிவது நாக்கிங் எனப்படுகிறது; நடுவானில் இது கடுமையானால் பிஸ்டன் சேதமுற்று எஞ்சினே நின்றுவிடக்கூடும். இதைத் தாங்கும் திறனைக் காட்டும் அளவே ஆக்டேன் எண். டெட்ரா எத்தில் லெட் என்னும் ஈயச் சேர்மத்தைச் சிறிதளவு கலந்தால் நாக்கிங் அடங்கும் என்பதை 1921ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் பணியாற்றிய தாமஸ் மிட்ஜ்லி கண்டறிந்தார். ஈயத்தின் நச்சுத்தன்மை ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட பின்னர், வாகனங்களுக்கான ஈயம் கலந்த பெட்ரோலை அமெரிக்கா 1996ஆம் ஆண்டிலும் இந்தியா 2000ஆம் ஆண்டிலும் விலக்கின. கடைசி நாடான அல்ஜீரியாவும் 2021இல் அதன் விற்பனையை நிறுத்தியது.

சிறு விமானங்கள் மட்டும் விலக்குப் பெற்றவையாக நீடித்தன. லைகோமிங், கான்டினென்டல் ஆகிய நிறுவனங்கள் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் வடிவமைத்த எஞ்சின்களின் வழித்தோன்றல்களே இன்றும் பெரும்பாலான சிறு விமானங்களை இயக்குகின்றன. அவற்றுள் ஆற்றல் மிகுந்தவற்றுக்கு 100 ஆக்டேன் எரிபொருள் இன்றியமையாதது. அதற்காக விற்கப்படும் 100 எல்எல் என்னும் விமானப் பெட்ரோலில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். மணிக்குச் சுமார் 32 லிட்டர் எரிக்கும் செஸ்னா 172 போன்ற நான்கு இருக்கை விமானம் ஒரு மணி நேரப் பறத்தலில் 18 கிராம் வரை ஈயத்தை வெளியேற்றக்கூடும் என்பது இதிலிருந்து பெறப்படும் கணக்கு. எஞ்சினுக்குள் ஈயம் படியாதிருக்க எரிபொருளோடு எத்திலீன் டைபுரோமைடு சேர்க்கப்படுவதால், அது ஈய புரோமைடாக மாறிப் புகையோடு வெளியேறிவிடுகிறது. எஞ்சினைக் காக்கும் இந்த ஏற்பாடே காற்றை மாசுபடுத்தும் வழியாகவும் அமைந்துவிட்டது.

மேலெழுவதற்கு முன் ஓடுபாதையின் முனையில் விமானத்தை நிறுத்தி, எஞ்சின் வேகத்தைக் கூட்டிச் சோதிப்பது விமானிகளின் கட்டாய நடைமுறை என்பதால், ஈயச் செறிவு அவ்விடத்தில்தான் உச்சத்தை அடைகிறது. கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் குடியிருப்புகளுக்கு நடுவே அமைந்துள்ள ரீட் ஹில்வியூ விமான நிலையத்தைச் சுற்றி வாழும் குழந்தைகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகளைச் சாண்டா கிளாரா மாவட்ட நிர்வாகம் ஆராயச் செய்தபோது, நிலையத்திலிருந்து அரை மைல் தொலைவுக்குள் வாழ்வோரின் ரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருந்ததும், காற்று வீசும் திசையில் வாழ்வோரிடம் அது இன்னும் மிகுந்ததும் தெரியவந்தன. 2021இல் இந்த ஆய்வு வெளியானதையடுத்து, 2022 ஜனவரி முதல் அங்கு ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நிறுத்தப்பட்டது. அமெரிக்காவில் காற்றில் கலக்கும் ஈயத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு பிஸ்டன் எஞ்சின் விமானங்களிலிருந்தே வருவதால், அது பொதுநலனுக்குக் கேடு விளைவிக்கிறது என்று அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023 அக்டோபரில் முறைப்படி அறிவித்தது.

ஈயத்தை விலக்கும் முயற்சியும் எளிதாக அமையவில்லை. அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2030க்குள் ஈயத்தை முற்றிலும் நீக்க இலக்கு வைத்து, பிஸ்டன் விமானங்களுக்குரிய ஜி100யுஎல் என்னும் ஈயமற்ற 100 ஆக்டேன் எரிபொருளுக்கு 2022இல் ஒப்புதலும் அளித்தது. ஆனால் அது பெயின்டைக் கெடுப்பதாகச் சில உரிமையாளர்கள் முறையிட்டனர். பெரிய பயிற்சி விமானக் குழுவை இயக்கும் வடக்கு டகோட்டா பல்கலைக்கழகம் 2023இல் 94 ஆக்டேன் ஈயமற்ற எரிபொருளுக்கு மாறிய சில மாதங்களிலேயே, எஞ்சின் வால்வுகள் பொருந்தும் இருக்கைகள் தேய்வது கண்டு பழைய எரிபொருளுக்கே திரும்பியது. ஐரோப்பிய ஒன்றியமோ, 2025 மே 1க்குப் பின் தனி அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாத பொருள்களின் பட்டியலில் டெட்ரா எத்தில் லெட்டைச் சேர்த்தது.

பேட்டரியின் பாரம்

ஈயத்தையும் புகையையும் ஒருசேர ஒழிக்கும் வழியாக மின் விமானம் முன்வைக்கப்படுகிறது. ஸ்லோவேனியாவின் பிபிஸ்ட்ரெல் நிறுவனம் உருவாக்கிய வேலிஸ் எலெக்ட்ரோ என்னும் இரண்டு இருக்கை விமானம், 2020 ஜூன் 10 அன்று ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையிடம் வகைச் சான்றிதழ் பெற்று, முழுவதும் மின்சாரத்தால் இயங்கும் விமானங்களில் அத்தகுதியை எட்டிய முதல் விமானமாயிற்று. வகைச் சான்றிதழ் என்பது, ஒரு வடிவமைப்பு பாதுகாப்பு விதிகளுக்கு இணங்குகிறது என அரசு சார்ந்த அமைப்பு ஆராய்ந்து வழங்கும் ஒப்புதல். 57.6 கிலோவாட் மோட்டார் இயக்கும் இவ்விமானத்தின் இரைச்சல் ஏறத்தாழ 60 டெசிபல் மட்டுமே. பெட்ரோல் எஞ்சினின் அதிர்வொலி நீங்கி, சுழலியின் ஓசையே எஞ்சுவது இதற்குக் காரணம்.

இதன் எல்லையை வகுப்பது பேட்டரி. ஒரு கிலோ விமானப் பெட்ரோலில் ஏறத்தாழ 12 கிலோவாட் மணி, அதாவது வீட்டு மின்கட்டணக் கணக்கில் 12 யூனிட் ஆற்றல் அடங்கியிருக்க, விமானப் பேட்டரித் தொகுப்பின் ஒரு கிலோவில் 0.2 யூனிட்டுக்கும் குறைவாகவே சேமிக்க முடிகிறது. பெட்ரோல் எஞ்சின் தன் ஆற்றலில் கால் பங்குக்குச் சற்றே கூடுதலாகவும் மின் மோட்டார் 90 விழுக்காடு அளவிலும் பயன்தரும் வேலையாக மாற்றுகின்றன என்பதைக் கணக்கில் கொண்டாலும், பெட்ரோல் சுமார் 20 மடங்கு மேலோங்கியே நிற்கிறது. வேலிஸ் விமானத்தின் இரண்டு பேட்டரிகளும் சேர்ந்து ஏறத்தாழ 140 கிலோ எடை கொண்டவை. செஸ்னா 172இன் நிறை கலனில் உள்ள எரிபொருளும் ஏறக்குறைய இதே எடைதான். அந்த எடைக்குச் செஸ்னா நான்கு மணி நேரத்துக்கு மேல் பறக்க, வேலிஸ் அவசர இருப்பு நீங்கலாக 50 நிமிடமே பறக்கிறது. மேலும், எரிபொருள் தீரத் தீரப் பெட்ரோல் விமானத்தின் எடை குறையும். பேட்டரியோ காலியான பின்னும் அதே எடையோடு தரையிறங்கும்.

எனவே தொலைதூர உல்லாசப் பயணத்துக்கு மின் விமானம் இப்போதைக்கு உகந்ததன்று. ஆனால், மேலெழுந்து திடலை வட்டமிட்டு இறங்குவதைத் திரும்பத் திரும்பச் செய்யும் தொடக்கநிலைப் பயிற்சிக்கு 50 நிமிடம் போதுமானது. ஒரே வட்டாரத்தின் மீது மீண்டும் மீண்டும் இரைச்சலையும் ஈயத்தையும் கொட்டுவதும் இதே பயிற்சிதான். மின் விமானத்தின் ஆற்றலும் அக்கம்பக்கத்தாரின் தேவையும் இந்த ஒரு புள்ளியில் சரியாகப் பொருந்துகின்றன.

இந்தியாவின் நிலை

வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு வந்த 100 எல்எல் பெட்ரோலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2022 செப்டம்பரில் உள்நாட்டுத் தயாரிப்பாக அறிமுகப்படுத்தியது. மறுபுறம், பெங்களூரில் உள்ள தேசிய வான்வெளி ஆய்வகம் இ-ஹன்சா என்னும் இரண்டு இருக்கை மின் பயிற்சி விமானத்தை உருவாக்கி வருவதாக 2025இல் அறிவிக்கப்பட்டது. நிலக்கரி மின்சாரம் மிகுந்த இந்தியாவில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. 20 யூனிட் செலவிடும் ஒரு மணி நேர மின் பறத்தலுக்கு இது 14 கிலோ ஆகும். மணிக்கு 15 லிட்டர் எரிக்கும் அதே அளவுள்ள பெட்ரோல் விமானம் 33 கிலோ அளவுக்கு வெளியிடுவதால், இன்றைய மின்சாரத்திலேயே பாதிக்கு மேல் மிச்சமாகிறது. அதைவிட எளிய வழியும் கைவசம் உண்டு: அதே ஆய்வகத்தின் ஹன்சா விமானத்தில் பொருத்தப்பட்டுள்ள ரோட்டாக்ஸ் வகை எஞ்சின்கள், ஈயமற்ற வாகனப் பெட்ரோலிலேயே இயங்க ஏற்றவை.

பேட்டரி மேம்படும்வரை காத்திருக்கலாம் என்று ஈயத்தைத் தொடர்வதற்கு இனி நியாயம் இல்லை. பயிற்சிப் பள்ளிகள் புதிய விமானம் வாங்கும்போது ஈயமற்ற எரிபொருளில் ஓடும் எஞ்சினையோ மின் விமானத்தையோ தேர்வதும், குடியிருப்பு சூழ்ந்த திடல்களில் அதை அரசு கட்டாயமாக்குவதும் இன்றைய தொழில்நுட்பத்திலேயே இயலும். தொலைதூரம் பறக்கும் மின் விமானம் நாளைய பொருளாக இருக்கட்டும். திடலருகே வாழும் குழந்தையின் ரத்தத்தில் கலக்கும் ஈயத்தை நிறுத்துவது இன்றைய கடமை.