மின்னுவதெல்லாம் எவர்சில்வர் அல்ல

"மின்னுவதெல்லாம் பொன்னல்ல" என்பது நாம் சிறு வயது முதல் கேட்டு வரும் பழமொழி. அதன் உட்பொருளை இவ்வாண்டு எங்களுக்குக் கற்றுத் தந்தது ஆசிரியையும் அல்ல, நூலும் அல்ல. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் இன்ஜின்தான்! அந்தக் கதையையும், பிளாஸ்டிக்கை இரும்பாக்கும் கலையையும் இங்கே கூற விரும்புகிறோம்.

எங்கள் தோழி ஒருத்தியின் மாமா வெளிநாட்டிலிருந்து ஒரு மாதிரிக் கார் பெட்டி வாங்கி வந்தார். 1961 ஆம் ஆண்டு ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான, இங்கிலாந்து நாட்டு ஜாகுவார் ஈ-டைப் காரின் மாதிரி அது. அளவு 24 இல் 1 பங்கு. உண்மைக் காரின் நீளம் ஏறக்குறைய 4.45 மீட்டர். எனவே மாதிரியின் நீளம் 18.5 சென்டிமீட்டர்தான். பள்ளி அறிவியல் கண்காட்சியில் வைப்பதற்காக நாங்கள் நால்வர் சேர்ந்து அதை ஒட்டத் தொடங்கினோம்.

இன்ஜின் உலோகம்தானே என்று, முழுவதற்கும் வெள்ளிப் பெயிண்டை அள்ளிப் பூசினோம். பளபளவென்று மின்னியது. பெருமை தாங்கவில்லை! எங்களில் ஒருத்தியின் தந்தை அவளை அழைத்துச் செல்ல வந்தவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "ஏம்மா, இந்த இன்ஜினை எவர்சில்வர் பாத்திரக் கடையிலா செஞ்சாங்க?" என்று கேட்டுச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அவள் மட்டும் தலை குனிந்து நின்றாள். தன் தந்தை "கம்பெனியில் வேலை பார்க்கிறார்" என்றுதான் அவள் எங்களிடம் சொல்லியிருந்தாள். அவருடைய விரல் இடுக்குகளில் இருந்த கிரீஸ் கறையை அன்றுதான் கண்டோம். அவர் ஒரு மெக்கானிக்.

அடுத்த சனிக்கிழமை அவருடைய பட்டறைக்குச் சென்றோம். பிரித்து வைத்திருந்த ஓர் இன்ஜினைக் காட்டி, "நல்லாப் பாருங்கம்மா, எத்தனை நிறம் தெரியுது?" என்றார். எண்ணிப் பார்த்து வியந்தோம். வார்ப்பிரும்பு கருஞ்சாம்பல் நிறம். வார்த்த அலுமினியம் மங்கிய வெளிர் சாம்பல். கடைந்த எஃகு நீலம் கலந்த பளபளப்பு. பித்தளை இணைப்புகள் மஞ்சள். வெள்ளி நிறம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடும் அதற்குள் எத்தனை வேறுபாடுகள்!

உலோகப் பூச்சின் முதல் விதி இதுதான்: பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன், எந்தப் பகுதி எந்த உலோகத்தால் ஆனது என்று கேட்க வேண்டும். ஈ-டைப்பின் படங்களைப் பார்த்தபோது எங்கள் பிழைகள் வரிசையாகத் தெரிந்தன. அதன் சிலிண்டர் பிளாக் வார்ப்பிரும்பு. அதன் மேல் அமரும் சிலிண்டர் ஹெட் அலுமினியம். ஆனால் தொடக்க கால 3.8 லிட்டர் இன்ஜினில் அதற்குப் பொன்னிறப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். உச்சியில் உள்ள இரண்டு நீண்ட மூடிகள் மட்டுமே கண்ணாடி போல் மெருகேற்றிய அலுமினியம். பழமொழி எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! பொன்னாய் மின்னுவது பொன்னல்ல, அலுமினியம்.

பூசும் முறைகளையும் கூறுகிறோம்.

வார்ப்பிரும்பை மணல் அச்சில் வார்ப்பதால் அதன் மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். ஆகவே மங்கலான பெயிண்டில் ஒரு சிட்டிகை முகப் பவுடர் கலந்து, தூரிகையின் நுனியால் ஒற்றி ஒற்றிப் பூச வேண்டும்.

எஃகுக்கு விலை உயர்ந்த பொருள் எதுவும் வேண்டியதில்லை. பளபளப்பில்லாத கறுப்பைப் பூசி, நன்கு காய்ந்த பின் பென்சில் முனையைப் பொடியாக்கி விரலால் தேய்த்தால் போதும். பென்சிலில் உள்ள கிராஃபைட் கறுப்பின் மேல் ஒட்டி, அசல் எஃகு போலவே ஒளிரும். இதை முதலில் செய்தபோது நாங்கள் கைதட்டியே விட்டோம்!

கண்ணாடி போன்ற மெருகுக்கு அடியில் பளபளப்பான கறுப்பு வேண்டும். உலோகப் பெயிண்டில் மிக நுண்ணிய அலுமினியச் செதில்கள் இருக்கின்றன. அடிப்பரப்பு வழவழப்பாக இருந்தால் அவை படுக்கையாகப் படிந்து ஒளியை ஒரே திசையில் திருப்பும். சொரசொரப்பாக இருந்தால் ஒளி சிதறி மங்கும். செதில்கள் டப்பாவின் அடியில் தங்கிவிடுமாதலால் நன்றாகக் கலக்கிய பின்பே பூச வேண்டும். பெட்டியிலேயே குரோமியம் பூசியதாக வரும் பாகங்களிலும் குரோமியம் இல்லை! வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படிய வைத்த அலுமினியமே அது.

கடைசியாக, இடுக்குகளில் நிழல் வேண்டும். மிகவும் நீர்த்த கறுப்பைப் பள்ளங்களில் ஓட விட வேண்டும். பின்பு தூரிகையில் வெளிர் உலோகப் பெயிண்டைத் தொட்டு, துணியில் ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டு, மேடுகளில் மட்டும் மெல்ல உரச வேண்டும். விளிம்புகள் உயிர் பெற்று எழும்.

இங்கே ஒரு தவறும் செய்தோம். எனாமல் பெயிண்டின் மேல் டர்பன்டைனில் கரைத்த கறுப்பை ஓட விட்டதும், அடிப்பூச்சு முழுவதும் கரைந்து கையோடு வந்துவிட்டது! அடியில் அக்ரிலிக் பூசி, அது காய்ந்த பின் மேலே எனாமல் கரைசலை ஓட விட்டிருந்தால் இத்துன்பம் இல்லை. இரண்டு நாள் உழைப்பு வீணாயிற்று. மற்றோர் எச்சரிக்கை: டர்பன்டைன், தின்னர் இவற்றின் ஆவி உடலுக்குத் தீங்கு, எளிதில் தீப்பற்றவும் செய்யும். சன்னல்களைத் திறந்து வைத்து, அடுப்பு, விளக்குக்கு அப்பால் அமர்ந்தே வேலை செய்ய வேண்டும்.

புகைக் குழாய்களுக்கு வானவில் நிறம் தீட்ட எங்களுக்கு ஆசை. எஃகு சூடேறும்போது அதன் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகிறது. ஏறக்குறைய 230 டிகிரி செல்சியசில் வைக்கோல் மஞ்சளும், 280 டிகிரியில் ஊதாவும், 300 டிகிரியில் நீலமும் தோன்றும். மழை நாளில் சாலையில் சிந்திய எண்ணெயில் வண்ணங்கள் தெரிவதும் இதே காரணத்தால்தான். ஆனால் அவர் படத்தைச் சுட்டிக் காட்டி, "இது எஃகு இல்லம்மா, வார்ப்பிரும்பு. மேலே பீங்கான் மாதிரி கறுப்புப் பூச்சு இருக்கு பாருங்க. அழகா இருக்குன்னு இல்லாததைப் போடக் கூடாது" என்றார். கறுப்பையே பூசினோம்.

கண்காட்சி நாளன்று பலர் குனிந்து பார்த்து, "இது உண்மையான இரும்பா?" என்று கேட்டார்கள். அதைவிட எங்களை மகிழ்வித்தது வேறொன்று. "இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது?" என்று ஒருவர் கேட்டபோது, நாங்கள் வாய் திறக்கும் முன்னரே எங்கள் தோழி நிமிர்ந்து நின்று, "எங்க அப்பா. அவர் மெக்கானிக்" என்றாள்.

அன்புத் தோழிகளே! வெள்ளிப் பெயிண்டை அள்ளிப் பூசினால் எல்லாம் ஒன்று போல் மின்னும். எதுவும் உண்மையாகத் தெரியாது. இரும்பை இரும்பாகவும் அலுமினியத்தை அலுமினியமாகவும் காட்டினால்தான் இன்ஜின் இன்ஜினாகத் தெரியும். கிரீஸ் படிந்த கையைக் கழுவி மறைக்க வேண்டியதில்லை என்பதையும் அந்தச் சிறிய இன்ஜினே எங்களுக்குக் கற்பித்தது.