நனைந்த பின் எடை என்ன?

தில்லியில் உள்ள எங்கள் கிளையின் முன்தாழ்வாரத்தில் ஆண்டுதோறும் நவம்பரில் கூட்டம் மிகும். ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்று அளிக்க வரும் மாதம் அது. வரிசையில் காத்திருக்கும் முதியோரின் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று எண்ணி, ஓர் ஆண்டு அக்டோபர் இறுதியில் எட்டுப் பூக்கூடைகளைத் தொங்கவிட்டோம். நட்டவை பெட்டூனியா நாற்றுகள். சென்னையில் வெயிலுக்கு அஞ்சி வளரும் இச்செடி, தில்லியின் குளிர்காலத்தில் தழைத்துப் பூத்துக் குலுங்கும் என்பது தமிழகத்திலிருந்து மாற்றலாகி வந்த எங்களுக்கு வியப்பாகவே இருந்தது.

இரண்டு வாரம் சென்ற பின், ஒரு திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தபோது கூடை ஒன்று தரையில் கவிழ்ந்து கிடந்தது. முதியோர் அமரும் நீள்பலகைக்கும் அதற்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை. மறுநாளும் விடுமுறை போல வறண்டுவிடக் கூடாது என்று காவலர் ஞாயிறு மாலை தாராளமாக நீர் ஊற்றியிருந்தார். அவர்மீது பிழையில்லை, மரக்கட்டையில் அறைந்த ஆணி எங்களுடையது. அதே கூடை பத்து மணிக்கு விழுந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எங்களுள் எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எஞ்சிய ஏழையும் உடனே இறக்கினோம்.

அன்று சான்று அளிக்க வந்த வாடிக்கையாளர் ஒருவர் தோட்டக்கலைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். இறக்கி வைத்த கூடைகளைப் பார்த்துவிட்டு, "நனைந்த பின் எடை என்ன என்று பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். வணிகவியல் படித்து, வரவு செலவை நாள்தோறும் சரிபார்க்கும் எங்களிடம் அதற்கு விடை இல்லை. நகைக்கடன் தராசு இதற்கு உதவாது. அடுத்திருந்த மளிகைக் கடைக்குத் தூக்கிச் சென்றோம். முப்பது சென்டிமீட்டர் அகலமுள்ள அரைக்கோளக் கூடையில் ஏறத்தாழ ஏழு லிட்டர் மண் கொள்ளும். உலர்ந்த நிலையில் ஏழு கிலோவாக இருந்தது, நீர் வடிந்து நின்ற பின்னும் பதினொரு கிலோ காட்டியது. நாங்கள் நிரப்பியிருந்தது வெறும் தோட்டமண்ணும் எருவும்.

பெரியவர் சொன்னபடி கலவையை மாற்றினோம்: இரண்டு பங்கு தென்னை நார்த்தூள், ஒரு பங்கு மட்கிய எரு, ஒரு பங்கு இலைமட்கு. நார்த்தூளில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை நீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே பயன்படுத்த வேண்டும். நனைந்த கூடையின் எடை ஏழு கிலோவைச் சற்றே தாண்டியது. ஆணிகளை அகற்றிவிட்டுக் காங்கிரீட் கூரையில் துளையிட்டு எக்ஸ்பான்ஷன் போல்ட் பொருத்தினோம். காற்றில் ஆடி நழுவும் திறந்த கொக்கிகளுக்குப் பதிலாக மூடிய வளையங்களை இட்டோம். நீள்பலகைக்கு மேலே மட்டும் கூடை இல்லை. எவ்வளவு உறுதியான போல்ட்டாக இருந்தாலும் அங்கே வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

நடும் முறை எளிது. கம்பிக் கூடையின் உட்புறம் தென்னை நார் விரிப்பை இட்டு, பாதி உயரம் கலவையை நிரப்ப வேண்டும். விரிப்பின் பக்கவாட்டில் சிறு கீறல்கள் இட்டு, நாற்றின் தலைப்பகுதியைக் காகிதச் சுருளுக்குள் வைத்து உள்ளிருந்து வெளியே செலுத்தினால் இலை கசங்காது. வேர் உள்ளேயே தங்கும். படரும் வகையை ஓரத்திலும் நிமிர்ந்து வளர்வதை நடுவிலும் நட்டு, விளிம்புக்கு இரண்டு விரல் கீழே கலவையை நிறுத்தினால் நீர் வழிந்தோடாது. வாடிய பூக்களைக் கிள்ளாவிட்டால் செடி விதை கட்டுவதில் முனைந்துவிடும். புதிய மொட்டுகள் குறையும். இந்த ஒரு வேலையில் சோம்பல் கூடாது.

பிப்ரவரியில் கூடைகளின் அடிப்புறமே தெரியாதபடி பூத்தன. ஏப்ரல் வெயிலில் பெட்டூனியா ஓய்ந்ததும் பத்துமணிப் பூவை நட்டோம். அது கோடைக்கு அஞ்சாது. தில்லியின் புழுதிப் புயல் வரும் அறிகுறி தெரிந்தால் எல்லாக் கூடைகளையும் தரையில் இறக்கிவிடுகிறோம். காவலர் இப்போது நீர் ஊற்றுமுன் ஒவ்வொரு கூடையையும் அடியிலிருந்து உள்ளங்கையால் சற்றே தூக்கிப் பார்க்கிறார். கனமாக இருந்தால் அடுத்த கூடைக்கு நகர்ந்துவிடுகிறார்.