சுரங்கச் சுவரின் உள்ளே பார்க்கும் ரேடார்

குயவரிடம் பானை வாங்கும் தாய்மார்கள் அதை விரலால் சுண்டிப் பார்த்தே வாங்குவர். ஓசை கணீரென்று எழுந்தால் நல்ல பானை. கரகரத்தால் எங்கோ கீறல் இருக்கிறது என்று பொருள். இரயில் சுரங்கங்களின் காங்கிரீட் சுவரையும் பொறியாளர்கள் நெடுங்காலமாகச் சுத்தியலால் தட்டித்தான் சோதித்து வந்துள்ளனர். ஆனால் கிலோமீட்டர் கணக்கில் நீளும் சுரங்கம் பானையன்று. ஒவ்வோர் அடியையும் தட்டிக் கேட்க நாளும் போதாது, காதும் போதாது.

தட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை ஜப்பான் 1999-ஆம் ஆண்டில் கண்டது. அவ்வாண்டு ஜூன் 27 அன்று, சான்யோ ஷின்கான்சென் பாதையிலுள்ள ஃபுக்குவோக்கா சுரங்கத்தில், விரைந்து சென்ற இரயிலின் கூரைமேல் சுமார் 200 கிலோ எடையுள்ள காங்கிரீட் துண்டு விழுந்தது. கூரை கிழிந்தது, உயிர்கள் தப்பின. அக்டோபரில் கிட்டக்யூஷூ சுரங்கத்திலும் துண்டுகள் விழுந்தன. நவம்பரில் ஹொக்கைடோ தீவின் ரெபுன்ஹாமா சுரங்கத்தில் சரக்கு வண்டி ஒன்று தடம் புரண்டது. வெளிப் பார்வைக்குக் குறை தெரியாத சுவர் உள்ளுக்குள் எப்படியிருக்கிறது என்ற கேள்வி அந்நாட்டு மக்களை உலுக்கியதில் வியப்பில்லை அன்றோ?

சுரங்கத்தின் உச்சியில்தான் குறைகள் மிகுதி. காங்கிரீட் கீழ்நோக்கி இறங்கும் இயல்புடையது. ஆதலின் பாறைக்கும் உச்சிச் சுவருக்கும் இடையே வெற்றிடம் தங்கிவிடுகிறது. பாறை தளர்ந்தால் அந்த இடைவெளியில் சரிந்து சுவரை மோதும். மழைக்காலத்தில் அங்கேயே நீரும் தேங்கும்.

இவ்விடத்தில்தான் தரைக்குள் ஊடுருவும் ரேடார் துணைக்கு வருகிறது. மின்காந்த அலைகளால் புதைபொருளைக் கண்டறியும் எண்ணம் புதிதன்று. லைம்பாக், லோவி என்ற இருவர் 1910-லேயே ஜெர்மனியில் இதற்குக் காப்புரிமை பெற்றனர். அலைவாங்கியைச் சுவரையொட்டி நகர்த்திக்கொண்டே சிறு சிறு அலைத் துடிப்புகளை உள்ளே அனுப்புவர். ஒரு பொருள் முடிந்து வேறொன்று தொடங்கும் எல்லையில் அலையின் ஒரு பகுதி திரும்பி வரும். வெற்றிடத்தில் ஒரு நானோ விநாடியில் 30 சென்டிமீட்டர் செல்லும் அலை, காங்கிரீட்டில் ஏறத்தாழ 10 சென்டிமீட்டரே செல்லும். எனவே 6 நானோ விநாடியில் எதிரொலி வந்தால், போகவர 60 சென்டிமீட்டர். சுவரின் கனம் 30 சென்டிமீட்டர் எனக் கணக்கிடலாம்.

இதிலும் அழகான செய்தி ஒன்றுண்டு. மின்காப்பு மாறிலி என்ற பண்பு காற்றுக்கு 1, நீருக்கு ஏறத்தாழ 81, காங்கிரீட்டுக்கு 9 எனக் கொள்வோம். இவற்றின் வர்க்கமூலங்கள் முறையே 1, 9, 3. காற்றிடைவெளியில் பட்டுத் திரும்பும் அலையும், நீரில் பட்டுத் திரும்பும் அலையும் வலிமையில் சமம். இரண்டும் அனுப்பிய அலையின் வீச்சில் பாதி. ஆனால் நீரில் பட்டது மட்டும் முகடு பள்ளமாகவும் பள்ளம் முகடாகவும் தலைகீழாய்த் திரும்பும். படத்தைப் பார்த்தே, உள்ளே இருப்பது வெறும் காற்றா தேங்கிய நீரா என்று அனுபவமுள்ளவர் சொல்லிவிடலாம்!

குறைகளும் உண்டு. உலோகம் அலையை முழுதும் திருப்பிவிடுவதால், நெருக்கமாகக் கட்டிய கம்பிவலைக்குப் பின்னால் உள்ளது தெரியாது. ஆழமாகப் பார்க்கக் குறைந்த அதிர்வெண் வேண்டும். நுட்பமாகப் பார்க்கக் கூடுதல் அதிர்வெண் வேண்டும். இரண்டையும் ஒருசேரப் பெற வழியில்லை. 1000 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் காங்கிரீட்டுக்குள் 10 சென்டிமீட்டர். தாள் கனமே உள்ள விரிசல் அதன் கண்ணுக்கு எளிதில் அகப்படாது. ஃபுக்குவோக்காவில் குற்றவாளியாக நின்றதோ அத்தகைய மெல்லிய குறைதான். முதலில் இட்ட காங்கிரீட் இறுகத் தொடங்கிய பின் அடுத்ததை இட்டதால், இரண்டும் ஒட்டாமல் நின்ற இணைப்பு அது.

ஆகவே ரேடார் வந்ததால் சுத்தியலுக்கு ஓய்வில்லை. சுவருக்குப் பின்னுள்ள பெரும் பொந்துகளையும் சுவரின் கனத்தையும் ரேடார் காட்டும். மேற்பரப்பை அடுத்துப் பிரிந்து நிற்கும் பொருக்கைச் சுத்தியலே சொல்லும். ஷின்கான்சென் வண்டிகள் ஓடாத நள்ளிரவுக்கும் காலை 6 மணிக்கும் இடையில்தான் இவ்வேலைகள் நடந்தாக வேண்டும். ஐயமுள்ள இடத்தில் துளையிட்டுப் பார்த்து, பொந்து உறுதியானால் அத்துளை வழியாகவே சிமெண்டுப் பாலைச் செலுத்தி நிரப்புகின்றனர்.