மைனஸ் 12 வோல்ட்டின் செலவுக் கணக்கு

ஆப்-ஆம்ப் சர்க்யூட் ஒன்றுக்கு பிளஸ் 12, மைனஸ் 12 வோல்ட் வேண்டும். பக்கத்துக்கு 200 மில்லிஆம்பியர். சென்னை ரிச்சி தெருவில் இதற்கான பாகங்களை வாங்கினால் தோராயமாக 330 ரூபாய் ஆகும். 15-0-15 டிரான்ஸ்ஃபார்மர் 500 மில்லிஆம்பியரில் 170. 7812, 7912 ரெகுலேட்டர் இரண்டும் சேர்த்து 40. பிரிட்ஜுக்கு நான்கு 1என்4007 டையோடு 8. 1000 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் கண்டென்சர் இரண்டு 30. சிறிய கண்டென்சர்கள் 10, ஹீட்சிங்க் இரண்டு 22. இதுவரை 280. மீதி 50 ரூபாய் பாதுகாப்புக்கு: இன்னும் நான்கு டையோடு 8, மைக்கா ஷீட்டும் புஷ்ஷும் 6, ஹோல்டரோடு மூன்று ஃபியூஸ் 36. விலை கடைக்குக் கடை மாறும். ஆனால் பலர் பில்லிலிருந்து முதலில் அடிப்பது இந்த 50 ரூபாயைத்தான். நான் முதலில் எழுதச் சொல்வதும் அதைத்தான்.

டிரான்ஸ்ஃபார்மர் ஏன் 15-0-15? 12-0-12 வாங்கினால் சில ரூபாய் மிஞ்சுமே என்று கேட்பார்கள். 12 வோல்ட் ஏசியின் உச்சம் 17. டையோடில் 0.9 போனால் 16. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் கண்டென்சர் 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் நிரம்பும். இடைவெளியில் 200 மில்லிஆம்பியர் இழுத்தால் 1000 மைக்ரோஃபாரட்டில் 2 வோல்ட் இறங்கும். அடிமட்டம் 14. ரெகுலேட்டருக்குத் தலைக்கு மேல் 2 வோல்ட் இடம் வேண்டும். ஆக 14 சரியாக விளிம்பு. வீட்டு மின்சாரம் 230-லிருந்து 200-க்கு இறங்கிவிட்டால் அதே அடிமட்டம் 11.9 ஆகிவிடும். 12-ஐக் கொடுக்க 11.9 போதாது, ஆம்ப்ளிஃபயரில் 100 ஹெர்ட்ஸ் ஹம் கேட்கும். 15-0-15-இல் 200 வோல்ட் மின்சாரத்திலும் அடிமட்டம் 15.5. அந்தக் கூடுதல் மூன்று வோல்ட்டுக்குக் கொடுக்கும் காசு வீணல்ல.

அதற்கு விலை வெப்பமாக வரும். மின்சாரம் 250-க்கு ஏறினால் ரெகுலேட்டர் வாசலில் சராசரி 21.2 வோல்ட் இருக்கும். 9.2 வோல்ட்டை 200 மில்லிஆம்பியரால் பெருக்கினால் 1.84 வாட். ஹீட்சிங்க் இல்லாத 7912 வாட்டுக்குச் சுமார் 60 டிகிரி ஏறும். அறை 35 டிகிரி என்றால் உள்ளே 145. சிப்புக்கு அனுமதி 125. சின்ன ஹீட்சிங்க் ஒன்று மாட்டினால் 80 அளவில் நின்றுவிடும்.

இங்கேதான் 6 ரூபாய் மைக்காவின் கதை. 7812-ஐ எழுத்து தெரியும்படி பிடித்தால் இடமிருந்து இன்புட், கிரவுண்ட், அவுட்புட். 7912-இல் கிரவுண்ட், இன்புட், அவுட்புட். முதுகுத் தகடு இரண்டிலும் நடுக்காலோடு சேர்ந்தது. எனவே 7812-இன் தகடு கிரவுண்ட். அதைப் பெட்டியின் உலோகத்தில் நேராகத் திருகலாம். 7912-இன் தகட்டில் இருப்பது ரெகுலேட் ஆகாத மைனஸ் 20. எர்த் கொடுத்த பெட்டியில், கிரவுண்டும் எர்த்தும் சேர்ந்த சப்ளையில் அதை மைக்கா இல்லாமல் திருகினால் நேர் ஷார்ட். 7912-க்குள் மின்னோட்ட வரம்பு உண்டு, ஆனால் அது அவுட்புட்டைத்தான் காக்கும். இன்புட் பக்கத்துக்குக் காவல் கிடையாது. 15 விஏ டிரான்ஸ்ஃபார்மரில் செகண்டரி ஷார்ட் ஆனாலும் பிரைமரியில் உள்ள 250 மில்லிஆம்பியர் ஃபியூஸ் உடனே போகும் என்று நம்ப முடியாது. காயில் சூடேறிக் கருகத் தொடங்கிய பிறகு அது போய் என்ன பயன்? செகண்டரியின் இரண்டு ஓரக் கம்பிகளிலும் ஆளுக்கொரு 1 ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ ஃபியூஸ் வைக்கச் சொல்வது இதனால்தான்.

கண்டென்சர்களிலும் கவனம் வேண்டும். மைனஸ் பக்கத்தில் பிளஸ் கால் கிரவுண்டுக்குப் போகும். அலுமினியம் எலக்ட்ரோலிட்டிக்கில் கோடு மைனஸ் காலைக் காட்டும். டேன்டலத்தில் கோடு பிளஸ்ஸைக் காட்டும். மாற்றிப் போட்ட டேன்டலம் தீப்பிடிக்கவும் கூடும். 7912-க்கு அவுட்புட் கண்டென்சர் விருப்பப் பொருளும் அல்ல. 1 மைக்ரோஃபாரட் டேன்டலமோ 25 மைக்ரோஃபாரட் அலுமினியமோ இல்லாவிட்டால் அது ஊசலாடத் தொடங்கலாம்.

பாதுகாப்புக்கு வாங்கிய 8 ரூபாய் டையோடுகளில் இரண்டு அவுட்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே. பிளஸ் முந்தி வந்து மைனஸ் பிந்தினால், சுமை வழியாக மைனஸ் அவுட்புட் பிளஸ் பக்கம் இழுக்கப்படும். அந்த நிலையில் 7912 கிளம்பாமலே சிக்கிக்கொள்ளலாம். மைனஸ் பக்க டையோடின் வெள்ளைக் கோடு கிரவுண்டை நோக்கியும், பிளஸ் பக்கத்தில் கோடு பிளஸ் 12-ஐ நோக்கியும் இருக்கட்டும். மற்ற இரண்டும் ரெகுலேட்டரின் இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் குறுக்கே, வழக்கத்தில் மின்சாரம் பாயாத திசையில்.

டிரான்ஸ்ஃபார்மரே வேண்டாம், கையில் 5 வோல்ட் இருக்கிறது என்பவர்களுக்கு ஐசிஎல்7660 உண்டு. எட்டுக் கால், இரண்டு 10 மைக்ரோஃபாரட் கண்டென்சர், வேலை முடிந்தது. ஆனால் அதன் உள்தடை சுமார் 55 ஓம். 10 மில்லிஆம்பியர் எடுத்தால் மைனஸ் 5 என்பது 4.45 ஆகும், 20 எடுத்தால் 3.9. தலைகீழாக்கும், ரெகுலேட் செய்யாது. ரெகுலேஷனும் வேண்டுமென்றால் எல்டி1054 இருக்கிறது, 100 மில்லிஆம்பியர் வரை.

5 வோல்ட்டிலிருந்து மைனஸ் 12, 100 மில்லிஆம்பியர் என்றால் எம்சி34063. வெளியே 1.2 வாட்; திறன் 60 சதவீதம் என்று வைத்தால் உள்ளே 2 வாட், அதாவது 5 வோல்ட்டில் 400 மில்லிஆம்பியர். இன்டக்டரில் உச்ச மின்னோட்டம் சுமார் 0.9 ஆம்பியர், சுவிட்சின் மேல் 17 வோல்ட். 100 மில்லிஆம்பியருக்கு ஏற்ற இன்டக்டர் என்று வாங்கினால் அது நிறைவுற்று சிப்பைக் கொன்றுவிடும். 1 ஆம்பியருக்குக் குறையாமல் வாங்குங்கள். ஆடியோ வேலைக்கு இதன் சுவிட்சிங் இரைச்சல் எனக்கு ஏற்புடையதல்ல, அங்கே 7912-தான்.

அளக்கும்போது ஒன்று. ஆஸிலோஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப் மூன்றுமுனை பிளக் வழியாக எர்த்தோடு சேர்ந்திருக்கும். கிரவுண்ட் எர்த் ஆன சப்ளையில் அந்தக் கிளிப்பை மைனஸ் 12-இல் மாட்டாதீர்கள். கிளிப் சப்ளையின் கிரவுண்டில், முனை மைனஸில்.

கட்டி முடித்ததும் ஆப்-ஆம்ப்பைச் சாக்கெட்டில் செருகாமல், பக்கத்துக்கு 56 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சுமையாக வையுங்கள். 214 மில்லிஆம்பியர் இழுக்கும். அதற்கும் முன், பிளக் சுவரில் ஏறுவதற்கு முன், மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து 7912-இன் தகட்டையும் ஹீட்சிங்கையும் தொடுங்கள். பீப் வந்தால் திருகைக் கழற்றி மைக்காவையும் புஷ்ஷையும் மறுபடி பாருங்கள்.