வயித்துக்குள்ள அணையாத அலாரம்

மெஸ்ல சாப்பிட்டதும் வயிறு எரியுதுன்னு ஒரு மாத்திரையைப் போட்டுட்டு லேப்புக்கு ஓடுற ஆளா நீங்க? அப்போ ஹெலிகோபாக்டர் பைலோரி பத்தித் தெரிஞ்சுக்கோங்க.

வயிற்று அமிலத்தில் எந்தக் கிருமியும் தங்காது என்றுதான் ரொம்ப நாள் நம்பினார்கள். 1984-ல் ஆஸ்திரேலிய டாக்டர் பேரி மார்ஷல் இந்தக் கிருமியை வளர்த்து, தானே குடித்துப் பார்த்தார். சில நாளிலேயே வாந்தி. எண்டோஸ்கோபியில் இரைப்பை அழற்சி. 2005-ல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு. (நீங்க ட்ரை பண்ணாதீங்க!)

அமிலத்தில் இது எப்படிப் பிழைக்குது? யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றி மட்டும் அமிலத்தைத் தணித்துக்கொள்ளும். பிறகு சளிப்படலத்துக்குள் நீந்திப்போய் இரைப்பைச் செல்களில் ஒட்டிக்கொள்ளும்.

இனிமேதான் விஷயமே. இதில் சில ரகங்களிடம் சிரிஞ்ச் மாதிரி ஓர் அமைப்பு உண்டு. அதன் வழியே காக்-ஏ என்ற புரதத்தை நம் செல்லுக்குள் செலுத்தும். கூடவே பாக்டீரியா சுவரின் துணுக்குகளும் உள்ளே போகும். உடனே என்எஃப்-கப்பா-பி என்ற ஸ்விட்ச் ஆன் ஆகி, இன்டர்லூகின்-8 என்ற சிக்னல் வெளியே கிளம்பும். "ஓடி வாங்க"ன்னு வெள்ளையணுக்களைக் கூப்பிடுற அலாரம் அது. அவை வந்து, வினைத்திறன் மிக்க ஆக்ஸிஜன் மூலக்கூறுகளை வீசும். சளிக்குள் இருக்கும் கிருமி பெரும்பாலும் தப்பிச்சிடும். அடி விழுறது நம்ம செல்லுக்கு.

கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். எரர் பூஜ்யத்துக்கு வரவே இல்லை, அதனால கன்ட்ரோலர் ஓயவே மாட்டேங்குது. அதுவும் பல பத்து வருஷம்! டிஎன்ஏ சேதமாகும். செத்த செல்லுக்குப் பதிலா புது செல் பிரிஞ்சுகிட்டே இருக்கும். ஒவ்வொரு பிரிவிலும் பிழை நுழைய ஒரு வாய்ப்பு. போதாததுக்கு, காக்-ஏ செல்லோட வளர்ச்சி சிக்னலையும் தூண்டி விடுது. 1994-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்துவிட்டது.

பயப்படாதீங்க, தொற்று உள்ளவர்களில் மிகச் சிலருக்கே புற்றுநோய் வருது. இந்தியாவில் தொற்று ஏராளம், ஆனா இரைப்பைப் புற்றுநோய் ஜப்பான், கொரியா அளவுக்கு இல்லை. இதை ஆராய்ச்சியாளர்கள் 'இந்தியப் புதிர்'னே சொல்றாங்க. கிருமியின் ரகம், சாப்பாடு, மரபணு எல்லாத்துக்கும் இதில் பங்கு இருக்கலாம்.

கண்டுபிடிக்க மூச்சுப் பரிசோதனை இருக்கு. தொற்று இருந்தா, டாக்டர் ஆன்டிபயாட்டிக்கும் அமிலம் குறைக்கும் மாத்திரையும் சேர்த்து, வழக்கமா 14 நாள் கொடுப்பார். ஒண்ணு மட்டும் கவனிங்க: நீங்க தினம் போடுற ஒமெப்ரசோல், பான்டப்ரசோல் மாதிரி மாத்திரைகள் கிருமியை அமுக்கி வைக்கும், அதனால டெஸ்ட்டில் 'இல்லை'ன்னு தப்பா வரலாம். ரெண்டு வாரம் முன்னாடியே நிறுத்தணுமான்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டுப் போங்க.